சலுகை என்று சொல்லாதீர்

நம் பள்ளிகள், மருத்துவமனைகள், அச்சகங்கள் ஆகியவற்றின் ஆண்டு விழாக்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "மாற்றுத்திறனாளிகள் சிலருக்கும் எம் நிறுவனம் வேலை அளித்துள்ளது." அறிக்கை வாசிப்பவர் அந்த இடத்தில் சற்று நிறுத்துவார், அவையோர் கை தட்டுவர். கைதட்டல் ஓய்ந்தபின் கேட்கவேண்டிய கேள்விகளை எவரும் கேட்பதில்லை. வேலை பெற்ற அம்மனிதர் அமர்ந்து பணிபுரியும் அறை எந்த மாடியில் உள்ளது? கழிப்பறைக்குச் செல்ல அவர் எத்தனை படிகள் இறங்கவேண்டும்? கூட்டங்களில் பேசப்படுவது காது கேளாத ஊழியருக்கு எவ்வாறு தெரிவிக்கப்படுகிறது? சுற்றறிக்கையைப் பார்வையற்ற ஊழியர் யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்?

இக்கேள்விகளை எழுப்பினால் நமக்குக் கிடைக்கும் மறுமொழியும் பழகிப்போனதே. "இடம் கொடுத்ததே பெரிது, சாமி; இனிச் சலுகை வேறா?" என்று ஒரு பள்ளியின் நிர்வாகி என்னிடம் நேரிலேயே கேட்டார். கெட்ட மனிதர் அல்லர்; ஏழைகளுக்கு இரங்குகிறவர். ஆயினும் அவர் வாயிலிருந்து வந்த அந்தச் 'சலுகை' என்னும் சொல்லைத்தான் நான் இக்கட்டுரையில் வழக்குமன்றத்தில் நிறுத்த விரும்புகிறேன். சலுகை என்பது கொடுப்பவரின் விருப்பம். இன்று கொடுக்கலாம், நாளை மறுக்கலாம். பெற்றவர் நன்றி சொல்லவேண்டும், பெறாதவர் முறையிட முடியாது. நாம் பேசிக்கொண்டிருக்கும் பொருளோ கடன். கடனைத் திருப்பிக் கொடுப்பவர் எவரும் தம்மை வள்ளல் என்று அழைத்துக்கொள்வதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

1995இல் நம் நாடாளுமன்றம் ஊனமுற்றோருக்கான சமவாய்ப்புச் சட்டத்தை இயற்றியது. 2006ஆம் ஆண்டு டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007இல் உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் உள்ளது. பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. புதிய சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகிறது. தொழுநோயிலிருந்து குணமானோர், மனநலம் குன்றியோர், தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடு உடையோர், அமிலவீச்சுக்கு ஆளானோர் என அப்பட்டியல் விரிகிறது.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி அதன் முன்பகுதியிலுள்ள இரண்டு வரையறைகளில் இருக்கிறது. ஒன்று, 'நியாயமான வசதியேற்பாடு' என நாம் தமிழில் சொல்லத்தக்க கருத்து. ஒருவர் மற்றவரோடு சமமாகத் தம் உரிமையைத் துய்ப்பதற்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தருதல். அம்மாற்றங்கள் செய்பவர்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாதிருத்தல் என்பது அதன் சாரம். மற்றொன்று, பாகுபாடு என்பதன் வரையறை. ஒருவரை வெளிப்படையாக ஒதுக்கித் தள்ளுவது மட்டுமே பாகுபாடு என்று நாம் எண்ணியிருந்தோம். நியாயமான வசதியேற்பாட்டைச் செய்ய மறுப்பதும் பாகுபாடே என்று சட்டம் தெளிவாக எழுதிவைத்திருக்கிறது.

இவ்விரு வரையறைகளையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். இளம்பிள்ளை வாதத்தால் கால் தளர்ந்த ஆசிரியைக்கு மூன்றாம் மாடியில் வகுப்பை ஒதுக்கிவிட்டு, "எல்லா ஆசிரியருக்கும் ஒரே விதிதான்" என்று சொல்லும் தலைமையாசிரியர் எவரையும் இழிவாகப் பேசவில்லை. எவரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆயினும் தரைத்தளத்தில் ஒரு வகுப்பறையை மாற்றித் தர முடிந்தும் தராதபோது, சட்டத்தின் கண்ணில் அவர் பாகுபாடு காட்டியவராகிறார். அவர் உள்ளத்தில் வெறுப்பு இருந்ததா என்று சட்டம் துருவவில்லை. அவர் செய்யாமல் விட்டதைக் கேட்கிறது. செய்த பாவத்தோடு கடமையில் தவறியதையும் சேர்த்தே அறிக்கையிடப் பழகிய நமக்கு இது விளங்காத கருத்தாக இருக்கக் கூடாது.

வேலையில் இருக்கும்போதே உடற்குறைபாடு அடைந்தவரைப் பற்றியும் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. அவரைப் பணிநீக்கம் செய்யவோ, பதவியில் தாழ்த்தவோ அரசு நிறுவனங்களுக்கு அதிகாரம் இல்லை. பழைய வேலையைச் செய்ய இயலாவிடில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்றவேண்டும். அத்தகைய பணி காலியாக இல்லையெனில், அது கிடைக்கும்வரை அல்லது ஓய்வுபெறும் வயதுவரை, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்கவேண்டும். இதே பாதுகாப்பு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவிலும் இருந்தது. மத்திய அரசின் பாதுகாப்புப் பிரிவொன்றில் காவலராய்ப் பணியாற்றிய குணால் சிங் என்பவர் பணியின்போது காலில் காயமுற்றார், கால் அகற்றப்பட்டது, பணிக்குத் தகுதியற்றவர் என்று வெளியே அனுப்பப்பட்டார். அவருக்கு ஓய்வூதியம் உண்டே, பிறகென்ன என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2003இல் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ஓய்வூதியம் கொடுத்துவிட்டதால் வேலைக்கான உரிமை அழிந்துவிடாது என்று தீர்த்தது.

அத்தீர்ப்புக்குப் பிறகும் என்ன நடந்தது? பார்வை குன்றியதாலும் விபத்தில் உறுப்பு இழந்ததாலும் 'ஓட்டத் தகுதியற்றவர்' என முத்திரை குத்தப்பட்ட நம் மாநில அரசுப் பேருந்து ஓட்டுநர்கள், மாற்றுப்பணி கேட்டு ஒருவர்பின் ஒருவராக உயர்நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. சட்டம் தெளிவாக இருந்தது. தீர்ப்பு தெளிவாக இருந்தது. முதலாளியாகிய அரசுக் கழகத்தின் மனமோ இளகவில்லை. அரசே இப்படியென்றால் தனியாரைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

மூன்று சாக்குகள்

வசதியேற்பாட்டை மறுப்போர் வழக்கமாகச் சொல்லும் சாக்குகள் மூன்று.

முதல் சாக்கு செலவு. "எங்களிடம் அவ்வளவு பணம் எங்கே?" என்கிறார்கள். அளவுக்கு மீறிய சுமையைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது என்பதை இவர்கள் வாசிக்கவில்லை. பத்துப்பேர் வேலை செய்யும் அச்சகத்தின் மேல் மின்தூக்கி அமைக்கும் கடமையை எவரும் சுமத்தவில்லை. கேட்கப்படுபவை பெரும்பாலும் எவை? ஒரு வகுப்பறை மாற்றம்; சற்று உயரமான நாற்காலி; வாசலில் இரண்டு படிகளுக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சாய்தளம்; திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் கணினி மென்பொருள், அதுவும் இலவசமாகவே கிடைக்கிறது; இரத்தம் ஏற்றிக்கொள்ளச் சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனை செல்லவேண்டிய தலசீமியா ஊழியருக்கு அந்நாளில் விடுப்பு. இவற்றுக்குப் பணம் இல்லை என்பவர்கள் நுழைவாயில் வளைவுக்கும் வெள்ளிவிழா மலருக்கும் பணம் தேடிக்கொண்டதை நாம் கண்டிருக்கிறோம்.

இரண்டாம் சாக்கு சமத்துவம். "ஒருவருக்கு மட்டும் செய்தால் மற்றவருக்கு அநீதி ஆகாதா?" என்பது. கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இவ்வாதமே மூன்றிலும் ஆபத்தானது. படிக்கட்டு எல்லாருக்கும் பொதுவானது என்பது உண்மை. ஆனால் அப்படிக்கட்டைக் கட்டியவர் எல்லாருடைய கால்களையும் எண்ணிப் பார்த்துக் கட்டவில்லை. தம் கால்களைப் போன்ற கால்களை மட்டுமே எண்ணிக் கட்டினார். அதாவது, நடக்கக்கூடியவர்க்கு ஏற்கனவே வசதி செய்யப்பட்டுவிட்டது. அதற்குச் செலவும் ஆகிவிட்டது. அதை யாரும் சலுகை என்று அழைப்பதில்லை. ஏணியில்லாத மாடியை எவரேனும் கட்டுவாரா? கட்டினால் மேலே செல்ல இயலாத குறை நம் கால்களுடையதா, கட்டடத்தினுடையதா?

இக்கருத்தை நம் உச்சநீதிமன்றம் 2021இல் ஏற்றுக்கொண்டது. கைத்தசைப் பிடிப்பால் எழுத இயலாத விகாஷ் குமார் என்னும் இளைஞர் குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுதித் தர ஒருவர் வேண்டும் என்று கேட்டார். சட்டம் குறிக்கும் நாற்பது விழுக்காட்டு ஊனம் அவருக்கு இல்லை என்று தேர்வாணையம் மறுத்தது. இடஒதுக்கீட்டுக்கு வேண்டிய அளவுகோல் வேறு, வசதியேற்பாட்டுக்கான உரிமை வேறு என்று நீதிமன்றம் விளக்கி, அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பாகுபாடு காட்டாமல் ஒதுங்கியிருந்தால் போதாது. சமத்துவம் நிலைபெறத் தேவையானதைச் செய்தாகவேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிநாதம்.

மூன்றாம் சாக்கு சட்ட நுணுக்கம். "அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தானே? நாங்கள் தனியார்" என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்பில் வசதியேற்பாட்டைக் கட்டாயமாக்கும் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களையே பெயர் சொல்லிக் கட்டுகிறது. இது சட்டத்தின் பெரிய ஓட்டை. தனியாரிடம் வேலை செய்யும் இலட்சக்கணக்கானோரை இவ்வாறு பாதியில் நிறுத்தியது நாடாளுமன்றத்தின் தவறு. அதைத் திருத்தும்படி நாம் குரல் எழுப்பவேண்டும்.

ஆயினும் தனியார் முழுவதும் தப்பிவிடவில்லை. எவருக்கும் எதிராகக் குறைபாட்டைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டலாகாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடவேண்டும் என்று 21ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, இருபது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை, அவர்களுக்கான சிறப்பு விடுப்பு, துணைக்கருவிகள், தடையற்ற வழிகள் எவை என்பதையெல்லாம் அக்கொள்கையில் குறிப்பிட்டு, அதற்கென ஒரு பொறுப்பாளரையும் நியமிக்கவேண்டும். சட்டத்தை முதன்முறை மீறுவோர்க்குப் பத்தாயிரம் ரூபாய் வரையும், மீண்டும் மீறுவோர்க்கு ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் ஐந்து இலட்சம் வரையும் தண்டம் உண்டு. உங்கள் ஊரில் இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் எத்தனை? அவற்றுள் இக்கொள்கையை ஊழியர் கண்ணில் படும்படி வைத்திருப்பவை எத்தனை? வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

நம் வீட்டுக்குள் வருவோம்

இதுவரை வெளியாரைச் சாடினோம். இது மறைமாவட்டத்தின் இதழ். ஆகவே நம் வீட்டையும் பார்க்கவேண்டும்.

'அரசு நிறுவனம்' என்பதற்குச் சட்டம் தரும் வரையறையில் ஒரு சொல் இருக்கிறது. அரசுக்குச் சொந்தமான, அரசின் கட்டுப்பாட்டிலுள்ள அமைப்புகளோடு, அரசின் நிதியுதவி பெறும் அமைப்புகளையும் அது சேர்த்துக்கொள்கிறது. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெரும்பகுதி அரசு உதவி பெறுபவை அல்லவா? ஆசிரியரின் ஊதியத்தை அரசிடமிருந்து வாங்கும்போது நாம் உதவி பெறும் நிறுவனம். சாய்தளம் கட்டச் சொல்லும்போது மட்டும் தனியாரா? உடனே சிறுபான்மையினர் உரிமையை நினைவூட்டச் சிலர் முன்வருவர். அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு நமக்கு விலைமதிப்பற்ற கேடயம். ஆனால் நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று உச்சநீதிமன்றம் 1958இலேயே, கேரளக் கல்வி மசோதா குறித்த தன் கருத்துரையில் கூறிவிட்டது. நம் நம்பிக்கையைக் காக்கத் தரப்பட்ட கேடயத்தை நம் ஊழியரிடமிருந்து தப்பிக்கப் பிடிப்பது அதற்கு இழைக்கும் இழிவு.

இங்கே இன்னொன்றையும் நாம் அறிந்துகொள்வது நலம். வசதியேற்பாடு என்னும் இக்கருத்து எங்கே பிறந்தது? மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய சட்டங்களில் அது முதலில் தோன்றவில்லை. அமெரிக்காவில் 1972இல் குடிமை உரிமைகள் சட்டத்தைத் திருத்தியபோது, தொழிலாளியின் சமயக் கடைப்பிடிப்புக்கு இடமளிக்கும் கடமையை முதலாளிமீது வைத்தார்கள். ஓய்வுநாளை அனுசரிக்கும் தொழிலாளிக்காகப் பிறந்த கருத்து பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கும் விரிந்தது. 1990ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்தில் வேரூன்றி, ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை வழியாக நம்மிடம் வந்தது. 2023இல்கூட அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த கிறிஸ்தவ அஞ்சல் ஊழியர் ஒருவரின் வழக்கில், சிறு தொல்லையைக் காட்டி முதலாளி இக்கடமையிலிருந்து நழுவ முடியாது; கணிசமான சுமை ஏற்படும் என்று காட்டவேண்டும் என ஒருமனதாகத் தீர்த்தது. அச்செய்தி வந்தபோது மகிழாத கிறிஸ்தவர் உண்டா? நம் ஞாயிறு வழிபாட்டுக்கு வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கையில் அது மனச்சான்றின் உரிமை. நம்மிடம் ஒருவர் தம் உடலுக்கேற்ற நாற்காலி கேட்கையில் அது சலுகை! ஒரே மரத்தின் கனி, நம் கைக்கு வரும்போது இனிக்கிறது. நம் கையிலிருந்து போகும்போது கசக்கிறது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற எவரும் நீதிக்கும் இரக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறந்திருக்க முடியாது. ஒருவருக்கு உரியதைக் கொடுப்பது நீதி. நமக்குரியதைக் கொடுப்பது இரக்கம். உரியதைத் தராமல் வைத்துக்கொண்டவர் அதை ஈடுசெய்யும் கடமைக்கு உள்ளாகிறார். எத்தனை அன்னதானமும் அக்கடனைத் தீர்க்காது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினர் பணி பற்றிய ஏட்டில், நீதியால் கொடுக்கவேண்டியதை அன்பளிப்பாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என எச்சரித்தது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில், உடற்குறைபாடு உடையோரின் வேலையுரிமைக்கெனவே தனிப்பகுதி ஒதுக்கினார். இந்தியச் சட்டம் பேசத் தொடங்குவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே பேசியது நம் போதனை. முதலில் பேசியவர்கள் கடைசியில் செய்பவர்களாக இருப்பது நமக்கு அழகா?

மறுப்பை எழுதிக் கொடுங்கள்

என்ன செய்யவேண்டும்? சட்டத்தைத் திருத்துவது நெடுநாள் வேலை. நம் கையில் உள்ளது ஒன்று உண்டு.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தில் ஒரு சிறந்த முறை இருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஊழியரை எந்த நிறுவனமும் வேலையிலிருந்து நீக்க நினைத்தால், சுதந்திரமான மருத்துவர் ஒருவரின் எழுத்து மதிப்பீட்டை அவரிடம் கொடுக்கவேண்டும். வசதியேற்பாடு செய்து தர இயலாமைக்குரிய நிர்வாகச் சிரமம் அல்லது பொருட்சிரமம் எத்தகையது, எவ்வளவு என்பதையும் எழுத்தில் தரவேண்டும். வாயால் 'முடியாது' என்பது எளிது. ஏன் முடியாது என்று எழுதிக் கையொப்பமிடும்போதுதான், அக்காரணம் எவ்வளவு மெலிந்தது என்பது எழுதுகிறவருக்கே தெரியவரும்.

நம் மறைமாவட்டத்தின் ஒவ்வொரு நிறுவனமும் இம்முறையை எல்லா ஊழியருக்கும் உரியதாக, சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திராமல், இவ்வாண்டே ஏற்கட்டும். ஊழியர் ஒருவர் தம் உடல்நிலை காரணமாக மாற்றம் கேட்டால், நிர்வாகி அவரோடு அமர்ந்து பேசட்டும். ஒரு திங்களுக்குள் செய்து கொடுக்கட்டும். இயலாதெனில் காரணத்தை எழுதிக் கொடுத்து, அதன் படி ஒன்றை ஆயர் இல்லத்துக்கு அனுப்பட்டும். பெரும் நிதி வேண்டாம். புதிய குழு வேண்டாம். ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

கேட்பவர்களும் கூசவேண்டியதில்லை. நெடுநேரம் நின்றே வேலை செய்த துணிக்கடைப் பெண்கள் கேரளத்தில் உட்காரும் உரிமைக்காகப் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் வந்தது; 2021இல் தமிழகமும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றாக்கியது. அப்பெண்கள் அனைவரும் உடல் நலமுடையவர்களே. ஆயினும் உடல் என்பது களைக்கும், நோகும், கருவுறும், மூப்படையும் என்பதை முதலாளிகளுக்கு நினைவூட்ட அவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. இன்று இரும்பு போல் நிற்கும் நிர்வாகிக்கும் ஒருநாள் முழங்கால் நோகும். அவர் கண்ணும் மங்கும்.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி, 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லை ஏற்று நெடுநாள் ஆகிறது. பெயரை மாற்றினோம், பெருமை கொண்டோம். படிக்கட்டை மாற்றவில்லை. இனி ஆண்டு விழா மேடையில், "வேலை அளித்துள்ளோம்" என்னும் வாக்கியத்தை வாசிக்க எழுந்து நிற்பவர், அந்த ஊழியர் அதே மேடைக்கு எவர் கையையும் பிடிக்காமல் ஏறி வர வழி இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வாசிக்கட்டும். வழி இல்லையென்றால், அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு முதலில் வழியைக் கட்டட்டும்.